சும்மா கிடந்தால் மை காயும்!

பல வீடுகளில் பிரின்டர் கெட்டுப்போவது ஓடி ஓடி அல்ல, ஓடாமல் கிடந்துதான்.

தையல் வேலை பார்க்கும் ஓர் அம்மா, பிளஸ் டூ மகளுக்காகச் சீட்டுப் பணத்தில் இங்க்ஜெட் பிரின்டர் வாங்கினார். இரண்டு மாதம் அது உறை போட்டபடியே கிடந்தது. ஹால் டிக்கெட் எடுக்க உட்கார்ந்த இரவில், மகளின் போட்டோ மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். ‘காசு தண்டம்’ என்று வீட்டில் பேச்சு வேறு.

பழுது பெரிதல்ல. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாகத்தான் மை தாளில் விழுகிறது. பல வாரம் ஓடாவிட்டால் மை அங்கேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ‘ஹெட் க்ளீனிங்’ கொடுத்தால் அடைப்பு விலகும். ஆனால், ஒவ்வொரு முறையும் மை செலவாகும். இரண்டு மூன்று முறைக்கு மேல் விடாமல் அமுக்காமல், சில மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்கலாம்.

வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்தால் இந்தத் தொல்லை குறையும். சுவர் சுவிட்சை நேரடியாக அணைக்காமல், முதலில் பிரின்டரின் பவர் பட்டனை அழுத்துங்கள். அப்போதுதான் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும்.

வாங்கும் முன் விலையோடு, மாதம் எத்தனை தாள் என்றும் கணக்குப் போடுங்கள். தினமும் கலர் வேண்டுமா? இங்க் டேங்க். எப்போதாவது கறுப்பு வெள்ளையா? லேசர், அதன் டோனர் பொடி என்பதால் காயாது. மாதம் நாலு தாள்தானா? தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும்!