ஓடைக்கரையில் ஒரு பகல்

சித்திரைத் தொடக்கம். சமவெளியில் அனல் வீசிய நாளில், அறுபதைக் கடந்த பள்ளித் தோழர் நால்வர் உதகையில் கம்பளி போர்த்தித் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பழங்கதை பேச அதுவும் போதவில்லை.

காணவேண்டிய இடங்களென ஒருவர் எழுதிவந்த நீண்ட பட்டியல் மறுநாளே மடித்து வைக்கப்பட்டது. நல்லதாயிற்று. பைக்காரா ஆற்றில் கலக்கும் சிற்றோடை ஒன்றின் கரையில் அமர்ந்தவர்கள் உச்சிப்பொழுதுவரை எழவில்லை. மழை பெய்து பல நாள்கள் ஆகியிருந்தும் ஓடையில் நீர் ஓடியது. சோலைக்காட்டின் மட்கிய இலைப்படுகையும் புல்வெளி மண்ணும் மழைநீரை உறிஞ்சிவைத்துக் கோடையில் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன என்றார் தாவரவியல் கற்பித்த தோழர். ஆங்கிலேயர் காலத்திலும் பின்னரும் நடப்பட்ட சீகை மரங்களும் தைல மரங்களும் அப்புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டதையும் வருத்தத்தோடு சொன்னார்.

கோபிச்செட்டிபாளையத்து உழவரான நண்பர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பைக்காரா மோயாறாகிப் பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. கொடிவேரி அணையில் பிரிந்து, தடப்பள்ளி வாய்க்கால் வழியே அவர் வயலுக்கு வருகிறது. நாற்பது ஆண்டுகளாக மடை திறந்துவிட்டவர், அந்நீர் கசிந்துவரும் மண்ணை அன்றுதான் கண்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடையில் இறங்கினார். தண்ணீர் சில்லென்றிருந்தது. கரையிலிருந்தோர் சிரித்து அழைத்தும் அவர் நெடுநேரம் ஏறி வரவில்லை.