மறுமணம் செய்தால் பிள்ளைக்குரிய பணம் நின்றுவிடுமா?

"அவதான் இன்னொருத்தனக் கட்டிக்கிட்டாளே, இனி நான் எதுக்குக் கொடுக்கணும்?" ரந்தாவ் தோட்டப்பக்கம் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி, மறுமணத்தோடு நிற்பது மனைவிக்கான ஜீவனாம்சம் மட்டுமே. பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் பெற்றவர் இருவருக்கும் அவரவர் வசதிக்கேற்பப் பொறுப்பு உண்டு என்கிறது 92ஆவது பிரிவு.

புதுக் கணவரின் சம்பளம் கணக்கில் வரவே வராதா? நேரடியாக அல்ல. அவர் வாடகையைக் கட்டினால் தாயின் கையில் கொஞ்சம் மிஞ்சும். நிலைமை மாறிவிட்டது என்று சொல்லி, தொகையை மாற்றும்படி தகப்பன் 96ஆவது பிரிவின்கீழ் கேட்கலாம். முடிவு நீதிபதியுடையது. தானாக நிறுத்தத் தகப்பனுக்கு உரிமை இல்லை.

பிள்ளையைத் தன் குடும்பத்தில் ஒருவராக ஏற்றவருக்கும் 99ஆவது பிரிவில் கடமை வருகிறது. ஆனால் பெற்றவர்கள் தவறும் அளவுக்குத்தான். செலவழித்ததை அவர்களிடமே கடனாகக் கேட்டு வாங்கவும் வழியுண்டு. பெறாத பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்கிக் கொடுக்கும் அந்த மனிதர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை.

அக்கா, தங்கைகளே, பணம் நின்றால் நீதிமன்ற உத்தரவை எடுத்துக்கொண்டு சிரம்பானில் உள்ள சட்ட உதவித் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.