ஓடும் அழகும் நிற்கும் அழகும்

உத்தரபாராத் தொழிற்சாலையில் 2014-ஆம் வருஷத்தில் அம்பாஸடர் மோட்டார் உற்பத்தி நின்றது. அவ்வண்டியின்மீது நமக்குள்ள அபிமானம் மட்டும் நிற்கவில்லை. வேறு ரக டீஸல் யந்திரம் பொருத்திய ஒன்றைப் பார்க்கச் சென்றோம். விற்பவர் யந்திரத்தின் சக்தியையே வர்ணித்தார். நாமோ முதலில் பதிவுச் சான்றைக் கேட்டோம். யந்திர எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதனுடன் ஒத்திருக்கவேண்டும். இத்தகைய மாறுதலுக்கு, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு அதிகாரியின் அனுமதி அவசியம்.

பிறகு விரிப்பை நீக்கித் தரைத்தகட்டில் துரு உண்டா, யந்திரம் அமர்ந்த இடத்து வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று நோக்கினோம். கடைசியாகப் பிரேக்கை ஒரு நிமிஷம் மிதித்தபடியே இருந்தோம். மிதி மெல்லக் கீழே இறங்கியது! உள்ளே எண்ணெயின் அழுத்தம் நிலைக்கவில்லை என்பதே அதன் பொருள். வாங்காமல் திரும்பினோம்.

ஓடும் அழகைக் காட்டி எவ்வண்டியையும் விற்றுவிடலாம். குழந்தை குட்டிகளுடன் ஏறுகிறவர்கள் அது நிற்கும் அழகைப் பார்த்தே வாங்கவேண்டும்.