சட்டைப்பைக்கு உள்ள காப்பு போனுக்கு இல்லை

சிங்காநல்லூருக்குப் பக்கத்திலிருக்கும் கோவை விமான நிலையம் வழியாக நம்மவர்கள் சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருகிறார்கள். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 102ஆம் பிரிவுப்படி, அங்கே சுங்க அதிகாரிகள் நடத்தும் உடல் சோதனைக்கு முன் பயணி கேட்டால், அவரைச் சுங்கத் துறையின் உயரதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ கூட்டிப்போக வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம். சட்டைப்பைக்கே இவ்வளவு காப்பு. ஆனால் குடும்பப் படம், வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு எல்லாம் அடங்கிய போனைத் திறந்து பார்ப்பதற்கென்று அந்தச் சட்டத்தில் தனி வரம்பு இல்லை.

தங்கக் கடத்தலைத் தடுக்க வேண்டாமா என்பார்கள். கட்டாயம் தடுக்க வேண்டும். தங்கம் பெட்டியிலோ உடலிலோதான் வரும், போனிலிருக்கும் படங்களில் அல்ல. கும்பலின் பேச்சு போனில் இருக்குமென்று சந்தேகம் வந்தால், காரணத்தை எழுதிக்காட்டி நீதிமன்ற அனுமதி வாங்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல், கைதானவரின் போனுக்கே வாரண்ட் கேட்டது; நாட்டு எல்லையில் நடக்கும் சோதனையைப் பற்றி அது பேசவில்லை என்பதும் உண்மை. தப்பு செய்யாதவருக்கு என்ன பயம் என்பது எனக்கு ஏற்பில்லாத வாதம். 2017இல் புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது தப்பு செய்யாதவர்களுக்கும் சேர்த்துத்தான்.