குமரிமுனைக்கு வந்த சவேரியார்

'கேட்ட வரம் தரும் கோட்டாற்றுச் சவேரியார்' என்று நம் முன்னோர் அவரை அழைத்தனர். நோய் தீரவும், மகப்பேறு வாய்க்கவும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கவும் நாமும் அவரிடம் நேர்ச்சை நேர்கிறோம். நாம் அவரிடம் கேட்பவை பல. அவர் நம்மிடம் கேட்பது யாது? அவர் எழுதிய மடல்களே அதற்கு விடை பகர்கின்றன.

1544ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் மணப்பாட்டில் இருந்தார். வடுகப் படையினருக்கு அஞ்சிக் குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிகின்றனர் என்ற செய்தி அவருக்கு எட்டியது. அன்றிரவே 20 தோணிகளுடன் புறப்படத் துணிந்தார். உடனுழைத்த மன்சிலாசுக்கு மடல் எழுதி, தங்களுக்காக மன்றாடும்படியும், சிறப்பாகக் குழந்தைகளை மன்றாடச் செய்யும்படியும் வேண்டிக்கொண்டார்.

ஆனிமாதக் கடலின் சீற்றத்தைக் கரையோரக் குடும்பங்கள் நன்கறியும். எதிர்க்காற்றில் எவ்வளவு துடுப்பு வலித்தும் தோணிகள் முனையை எட்டவில்லை. மணப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

அதனால் அவர் ஓய்ந்துவிடவில்லை. தப்பி வந்த ஏழைகளுக்காக ஊர்ப் பட்டங்கட்டிகளிடம் உதவி கோரினார். மனமுவந்து கொடுப்போரிடம் மட்டுமே பெற வேண்டும், எவரையும் வற்புறுத்தலாகாது, வறியோரிடம் எதுவும் வாங்கலாகாது என்றும் கண்டிப்பாக எழுதினார். பின்னர் தரைவழியாகவே குமரிமுனைக்குச் சென்றார். உண்ண உணவற்றோர், நடக்க இயலாத முதியோர், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோரைக் கண்டு உள்ளம் உருகினார்.

அவ்வாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் அவர் திருமுழுக்கு அளித்ததை நாம் பெருமையுடன் பேசுகிறோம். தமிழில் செபங்களைக் கற்பித்து, அவற்றை ஊர்தோறும் எழுதி வைத்துச் சென்றதையும் நினைவுகூர்கிறோம். ஆனால் அந்த அறுவடைக்கு முன்னே, கரை சேராத 20 தோணிகளும் ஒரு நெடும்பயணமும் இருந்தன என்பதை மறக்கலாகாது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், கோட்டாற்றுத் திருவிழாக் காலத்திலேயே, ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. உள்நாட்டில் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவேயில்லை. சாய்ந்த வாழைக்குப் பதில் மறு கன்று நட்டாயிற்று. தந்தையை இழந்த வீட்டில் அந்த இடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது.

குழந்தைகளின் மன்றாட்டு, மனமுவந்த கொடை, நேரில் சென்று காணுதல் ஆகிய மூன்றையுமே அன்று சவேரியார் நாடினார். இவற்றுள் எதுவும் நம் எளிய குடும்பங்களால் இயலாததன்று. இன்றிரவுக் குடும்பச் செபத்தில், கடலில் தந்தையை இழந்த ஒரு பிள்ளைக்காக நம் பிள்ளைகள் மன்றாடட்டும். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அத்தகைய வீடு ஒன்றின் வாசலுக்கு நாமே சென்று வருவோம். கோட்டாற்றுச் சவேரியார் அந்நேர்ச்சையை மகிழ்ந்து ஏற்பார்.