பாஸ்வேர்டு கேட்ட காதல்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நகராமல் நிற்கும் காலை நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த மாணவியின் போன் மூன்றாவது முறையாக அடித்தது. வீடியோ கால். பஸ்ஸில்தான் இருக்கிறாள் என்று அவள் காட்ட வேண்டும். பக்கத்து சீட்டில் யார் என்றும் காட்ட வேண்டும். பக்கத்தில் மரச்சீனிக் கிழங்குப் பையோடு ஒரு பாட்டி. கேமராவைத் திருப்பினாள். பாட்டி சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினார்.

அவள் முதுகலை முதலாண்டு. அவன் ஒரு வருடம் சீனியர். 'வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சா?' என்று அவன் கேட்டதெல்லாம் ஆரம்பத்தில் அக்கறையாகத்தான் இருந்தது. பிறகு லைவ் லொகேஷன் கேட்டான். பிறகு இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு. தன்னுடையதையும் கொடுத்தான் என்பதால் கணக்கு நேராகிவிட்டது போலிருந்தது. அவன் அவளுடைய கணக்குக்குள் போய்ப் பள்ளி நண்பர்களை ஒவ்வொருவராக நீக்கினான். அவளுக்கு அவன் கணக்கைத் திறந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

இரவு 11 மணிக்கு ஆன்லைனில் இருந்தால் யாரோடு என்று கேள்வி; இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேள்வி. அவன் கை ஓங்கியதில்லை. அதனால் இதற்குக் கொடுமை என்று பெயர் வைக்கலாம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் படம் கேட்டான். மறுத்தாள். ஒரு வாரம் பேசாமல் இருந்தான். அனுப்பிவிட்டாள். இரண்டு மாதம் கழித்து, 'இனி வேண்டாம்' என்று அவள் சொன்ன அன்று ராத்திரி அந்தப் படம் அவளுக்கே திரும்பி வந்தது. கீழே அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர். வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த சித்திதான் கண்டுபிடித்தார். அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கப் போகிறவர். மீன் குழம்பு இருந்தும் பிள்ளை சாப்பிடவில்லை என்றால் அவருக்கு விஷயம் பெரிது. கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் கேட்டார். "எனக்க கிட்ட சொல்லு மக்ளே. பேடிக்காத. அப்பாக்கிட்ட இப்ப சொல்லண்டாம்."

அவள் அழுதுகொண்டே மெசேஜ் எல்லாவற்றையும் அழிக்கப் போனாள். சித்தி போனைப் பிடித்துக்கொண்டார். "அழிச்சா அவனுக்குத்தான் நல்லது."

சித்திக்கு இது எங்கிருந்து தெரிந்தது என்று கேட்க வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் 2020-க்குப் பிறகு நாகர்கோவில் காசி வழக்கைப் பேசாத வீடு கிடையாது. சமூக வலைதளங்களில் பெண்களோடு பழகி, அந்தரங்கப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டிய வழக்கு. சென்னையைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் துணிந்து புகார் அனுப்பினார். ஏப்ரலில் காசி கைதானார். சுமார் 120 பெண்கள், 1,900 படங்கள், 400 வீடியோக்கள் என்று சிபிசிஐடி பின்னர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சொன்னது. புகார் கொடுக்க வந்தவர்களோ சிலர்தான். 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அந்த நாட்களில் சில வீடுகளில் பெண் பிள்ளைகளின் போனைப் பிடுங்கி வைத்தார்கள். பையன்களின் போனைப் பிடுங்கியதாகக் கேள்வியில்லை.

அந்த மாணவிக்கு அவனைவிட அப்பா மேல்தான் பயம். 'நீ ஏன் அனுப்பினாய்?' என்று முதலில் கேட்பார்களே! சட்டம் அப்படிக் கேட்பதில்லை. படம் எடுக்கச் சம்மதித்தது அதைப் பரப்பச் சம்மதித்ததாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு விளக்குகிறது. ஆபாசப் படத்தை இணையத்தில் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ தனியாக உண்டு. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். கல்லூரிக் காலத்தில் காதலித்தவன் ரகசியமாக எடுத்த காட்சிகள் பல தளங்களில் பரவியிருந்தன. 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். சட்டம் தெரிந்த ஒருவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள்?

சித்தியும் அவளும் தேதியும் நம்பரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள். அவனுடைய இன்ஸ்டாகிராம் கணக்கின் லிங்க்கைக் குறித்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டை மாற்றினார்கள், லைவ் லொகேஷனை நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் பத்திரப்படுத்திய பிறகுதான் அவனை பிளாக் செய்தார்கள். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசத் தளத்திலும் பதிந்தாள். படம் அவள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் யாராவது அதே படத்தை ஏற்றினால் தடுக்க அது உதவும். வாட்ஸ்அப்பில் ஒருவர் மற்றவருக்கு அனுப்புவதை அதனால் தடுக்க முடியாது. அந்தப் பயம் அப்படியேதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சித்தி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவளோடு நாகர்கோவில் சைபர் கிரைம் போலீஸுக்குப் போனார். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், 181-ல் பெண்கள் உதவி மையத்தைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். "ஆளா நேர்ல போய் நிக்கணும்," என்றார். புகாரை எழுதும்போது அவள் கை இரண்டு இடத்தில் நின்றது. சித்தி ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் போன் அடித்தது. உடம்பு ஒரு தரம் விறைத்தது. அம்மாதான்.

"எங்க நிக்கிய மக்ளே?"

"தக்கலை தாண்டியாச்சு," என்றாள். கேமராவைத் திருப்பிக் காட்டச் சொல்லி அம்மா கேட்கவில்லை. வரும்போது சந்தையில் சாளை மீன் வாங்கிவரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.