தேடிக் கற்றலும் கேட்டுப் பெறுதலும்

செயற்கை நுண்ணறிவு நம் பிள்ளைகளின் படிப்பறைக்குள் வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கணக்கிற்கு விடையும் கட்டுரைக்கு வாசகமும் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கின்றன. இதனை முற்றும் வெறுத்தொதுக்குவதும், ஆராயாமல் வரவேற்பதும் அறிவுடைமையாகா. பெறுவது யாது, இழப்பது யாது என எண்ணிப் பார்த்தலே முறை.

அரபு இலக்கணம் கற்பிக்குங்கால், 'மக்தப்' என்னும் சொல்லின் வேர் யாதென நாம் மாணவரிடம் வினவுவதுண்டு. அவர்கள் தடுமாறுவர், 'கிதாப்', 'காதிப்' என்னும் சொற்களை நினைவிற் கொணர்ந்து ஒப்பிடுவர், முதலில் நிற்கும் 'மீம்' வேரெழுத்தன்று எனத் தெளிவர், முடிவில் காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்துகளைக் கண்டெடுப்பர். நாமே சொல்லிவிட நொடிப்பொழுது போதும், ஆயினும் சொல்வதில்லை. அத்தடுமாற்றத்தில்தான் அடுத்த சொல்லின் வேரைத் தாமே காணும் ஆற்றல் அவர்களுக்கு வாய்க்கின்றது.

இவ்வுண்மையைத் துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளியொன்றில் 2023ஆம் ஆண்டு நடைபெற்ற ஆய்வும் மெய்ப்பிக்கின்றது. ஏறத்தாழ ஆயிரம் மாணவர் அதிற் பங்குகொண்டனர். பொறியின் துணையுடன் கணக்குப் பயின்றோர், பயிற்சியின்போது ஏனையோரைவிட 48 விழுக்காடு மேம்பட்டு விளங்கினர். துணையை நீக்கித் தேர்வு வைத்தபோதோ, பொறியைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையை மறைத்துக் குறிப்பு மட்டும் தருமாறு அமைக்கப்பட்ட பொறியிடம் பயின்றோர்க்கு இக்கேடு பெரும்பாலும் நேரவில்லை. நல்லாசிரியர் செய்வதும் அதுவேயன்றோ?

அறிவு மட்டுமன்று, பழகும் பண்பும் இங்குக் கருதத்தக்கது. மத்ரஸாக்களில் பாடம் முடிந்ததும் மாணவர் கூடியமர்ந்து 'தக்ரார்' செய்வர். ஒருவர் எடுத்துரைப்பார், மற்றவர் மறுப்பார், குரல் உயரும். அன்றிரவே இருவரும் ஒரே சஹனில் உண்பர். மாற்றுக் கருத்தைப் பொறுக்கவும், தோற்றபின் நட்பைப் பேணவும் இவ்வாறே பிள்ளைகள் பழகுகின்றனர். பொறியோ கேட்பவர் மனம் கோணாதவாறு பேச முனைவது. அளவு கடந்து இச்சகம் பேசியதால் சாட்ஜிபிடியின் புதிய வடிவமொன்றை அதன் நிறுவனமே 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றுக்கொண்டது. எதற்கும் இசைந்து தலையசைக்கும் தோழனிடம் மட்டுமே பேசி வளரும் பிள்ளை, மறுத்துப் பேசும் மனிதரிடம் எங்ஙனம் பழகும்?

ஆதலின் பெற்றோர் ஓர் ஒழுங்கை வீட்டில் அமைத்தல் நலம். பிள்ளை முதலில் தானே முயன்று எழுதட்டும். பின்னர்ப் பொறியிடம் சரிபார்க்கட்டும். கண்ட விடையைத் தாயிடமோ தந்தையிடமோ வாய்விட்டு விளக்கட்டும். விளக்க இயலாவிடில், அப்பாடம் இன்னும் கற்கப்படவில்லை என்பது புலனாகும். அவ்வாறு அமர்ந்து கேட்க வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும். அப்பொறுப்பைப் பொறியிடம் ஒப்படைத்தல் இயலாது.